பிள்ளைகளா, வைத்தியமா, மனுவா: ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்கிறார்கள்

பிரிவு: சென்னை / தொண்டு, சமூகப் பணி

மாலைமையம் (இழையைத் தொடங்கியவர்)

தென்சென்னையில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பு, பழைய இடத்தைக் காலி செய்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தது. பெயரை எழுதவில்லை, எழுதினால் கீழே வரும் பெண் யாரென்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதன் தரைத்தளத்தில் இரண்டு அறைகளில் மாலைநேர மையம் நடத்துகிறோம். 9 வருடம் ஆகிறது. சொசைட்டியாகப் பதிவு செய்தது. சம்பளத்துக்கு மூன்று பேர், சம்பளம் இல்லாமல் ஏழெட்டுப் பேர்.

ஆரம்பத்தில் டியூஷன் மட்டும்தான். அப்புறம் கேரம் போர்டு வந்தது. ஒரு பையனுக்கு இருமல் நிற்கவில்லை, ஒரு அம்மாவுக்கு ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போயிற்று என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது சனிக்கிழமை சுகர், பி.பி. பார்க்கிறோம். செவ்வாயும் வியாழனும் மனு எழுதுகிறோம். உட்கார்ந்து திட்டம் போட்டு விரித்ததில்லை.

இப்போது ஒரு கம்பெனி மூன்று வருடத்துக்குப் பணம் தருகிறேன் என்று வந்திருக்கிறது. வருடத்துக்கு 14 லட்சம். எங்களுக்கு அது பெரிய தொகை. ஒரே நிபந்தனை: "இளைஞர் மேம்பாடு" மட்டும் செய்யுங்கள், மருத்துவ முகாமையும் மனு எழுதுவதையும் விட்டுவிடுங்கள். "எல்லாத்தையும் தொட்டால் எதுவும் உருப்படாது மேடம்" என்றார் வந்தவர். நல்ல மனிதர்தான், எகத்தாளமாகச் சொல்லவில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பத்தாவது படிக்கும் ஒரு பெண் நான்கு நாளாக மையத்துக்கு வரவில்லை. ஆறாவது மாடி. ஏறிப் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் ஓடவில்லை, அதனால் கீழேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்குகிறாள். அம்மா காலை ஐந்து மணிக்கே வீட்டுவேலைக்குப் போய்விடுவார். பாட்டிக்குச் சுகர், காலில் கட்டைவிரலுக்குக் கீழே புண், துணி சுற்றிவைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்றால் ஆட்டோவுக்குக் காசில்லை. பென்ஷன் என்னாயிற்று என்றால் ஐந்து மாதமாக வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், பழைய இடத்துத் தாலுகாவில் இருந்த கோப்பு புதுத் தாலுகாவுக்கு வந்து சேரவில்லை.

நான் கேட்பது இதுதான். இந்த வீட்டில் இளைஞர் மேம்பாடு எது? அந்தப் பெண்ணுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பதா, பாட்டியின் பென்ஷனா?

பணத்தை வாங்கிக்கொள்ளலாமா, வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

முன்னாள்_சிஎஸ்ஆர்

கம்பெனியின் சி.எஸ்.ஆர். பிரிவில், அதாவது சமூகப் பணிக்குப் பணம் கொடுக்கும் பிரிவில், மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு வருடம் உட்கார்ந்தவன். அவர்கள் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள்.

2013 கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தே ஆகவேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் கல்வியும் உண்டு, மருத்துவமும் உண்டு, முதியோரும் உண்டு. ஆக, ஒன்றைத்தான் செய்யவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அது கம்பெனியின் உள்விருப்பம்.

ஏன் அந்த விருப்பம்? உங்களிடம் வந்த மனிதர் வருடத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழு முன்னால் பத்து நிமிடம் நிற்பார். அந்தப் பத்து நிமிடத்தில் "இத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், இத்தனை பேர் பாஸ், இத்தனை பேருக்கு வேலை" என்று சொல்ல முடிந்தால் அடுத்த வருடப் பணம் வரும். பாட்டியின் கால்விரலை எந்த ஸ்லைடில் போடுவார்?

அதனால் அவரைக் கெட்டவர் ஆக்காதீர்கள். "எல்லாத்தையும் தொட்டால்" என்று அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. நான் பார்த்த சில அமைப்புகள் தையல் வகுப்பு, கண் முகாம், மரம் நடுதல், கணினிப் பயிற்சி என்று பணம் வந்த பக்கமெல்லாம் திரும்பி, கடைசியில் பேனர் மட்டும் மிச்சம். நீங்கள் அப்படி இல்லை என்று உங்கள் பதிவைப் படித்தாலே தெரிகிறது. அவர் அந்தப் பதிவைப் படிக்கவில்லை, உங்கள் பிரசுரத்தைத்தான் படித்திருப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

---

சந்தேகப்பேர்வழி

கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் அரசாங்கமே செய்யுதே? 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம், சுகர் பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருது. காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். முதியோர் பென்ஷன் 1,200. மகளிர் உரிமைத் தொகை 1,000. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா புதுமைப் பெண்ல மாசம் 1,000. இன்னும் எதுக்கு நடுவுல ஒரு அமைப்பு? தாலுகா ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்து மனு எழுதற ஆளு 50 ரூபா வாங்கறான், நீங்க 14 லட்சம் வாங்கறீங்க. வித்தியாசம் என்ன?

---

வார்டுநர்ஸ்

சந்தேகம் தம்பி, 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீ சொன்ன எல்லாத் திட்டமும் உண்மை, எல்லாமே நல்லது. மாத்திரை கொண்டுவரும் பெண் வாசல்வரை வருகிறாள். கதவைத் தட்டும்போது பாட்டி தூங்குகிறாள், அல்லது பேத்தி தண்ணீர் எடுக்கக் கீழே போயிருக்கிறாள், அல்லது மாத்திரை போட்டால் தலைசுற்றுகிறது என்று போனமாத மாத்திரையே டப்பாவில் அப்படியே கிடக்கிறது. இதை ஒருத்தர் உட்கார்ந்து கேட்கவேண்டும். அதற்கு அவளுக்கு நேரம் இல்லை. அன்றைக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி.

டி.பி. (காசநோய்) வார்டில் இருந்தபோது ஒரு பையன். 19 வயசு, லோடு இறக்குகிற வேலை. மாத்திரை ஆரம்பித்து மூன்றாம் நாள் வராமலே போய்விட்டான். என்னவென்று விசாரித்தால், சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போயிருக்கிறது. ரத்தம் என்று நினைத்துப் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்கிறான். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், வேறொன்றும் இல்லை. ஓ.பி.யில் யாராவது சொல்லியிருப்பார்கள், அவன் காதில் விழுந்திருக்காது. அவனைத் திரும்பக் கூட்டிவந்தது அவன் தெருவில் கால்பந்து சொல்லிக்கொடுத்த ஒரு ஆள். டாக்டரும் இல்லை, நானும் இல்லை.

ஆறு மாதம் தினமும் விழுங்கவேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். அங்கேதான் விட்டுவிடுவார்கள். அந்த மீதி நாலு மாதத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

இதில் நம்ம ஊருக்கு ஒரு பெருமை இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1956இல் இங்கே காசநோய் ஆராய்ச்சி மையம் வைத்தார்கள். சானடோரியத்தில் படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்து, சுத்தமான காற்றில் வைத்தால்தான் காசநோய் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். சென்னையின் நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே வைத்து மாத்திரை கொடுத்தாலும் அதே அளவு குணமாகிறது என்று 1959இல் நிரூபித்துக் காட்டினார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்து, மாத்திரை எண்ணி, சிறுநீர் சோதித்துப் பார்த்து நடத்திய வேலை அது. மருந்து பாதி, வாசலில் போய் நின்ற கால்கள் பாதி.

மாலைமையம் அம்மா, பாட்டிக்குக் காலில் உணர்ச்சி இருக்கிறதா? சூடு தெரிகிறதா? புண் கறுத்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். இழையில் நாங்கள் விவாதம் பண்ணிக்கொண்டு இருப்போம், நீங்கள் முதலில் ஆட்டோ பிடியுங்கள்.

---

மாலைமையம்

வெள்ளிக்கிழமையே கூட்டிப்போய்விட்டோம் அம்மா. ஆறு மாடியும் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பசங்கள் தூக்கி இறக்கினார்கள். கேரம் ஆட வருகிறவர்கள்தான். சேர்த்திருக்கிறார்கள். பெருவிரல் தப்பும், பக்கத்து விரல் சந்தேகம் என்கிறார்கள்.

சந்தேகப்பேர்வழி, தாலுகா வாசலில் எழுதுபவர் மனுவை எழுதிக் கையில் கொடுப்பார். நாங்கள் கூடப் போவோம். அவ்வளவுதான் வித்தியாசம். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு ஜெராக்ஸ் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் தனியாகப் போனவர் வீட்டுக்கு வந்துவிடுவார், அன்றைய கூலியும் போச்சு. கூட ஆள் இருந்தால் எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து அரைமணியில் திரும்ப வரிசையில் நிற்கலாம்.

---

கஞ்சித்தொட்டி

பேரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எங்கள் பாட்டி கடைசிவரை வைத்திருந்த பெயர் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி". 1782 பஞ்சத்தில் சாகக் கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வைத்த மணியக்காரர் சத்திரம்தான் அதற்கு வேர். கஞ்சி குடிக்க வந்தவன் நோயோடு வந்தான், பக்கத்தில் வைத்தியசாலை வந்தது. இந்த ஊரில் கதை எப்போதும் அந்த வரிசையில்தான் போயிருக்கிறது.

ஆனால் மாலைமையம் கேட்ட கேள்விக்கு எதிர்ப்பக்கத்துக்கும் சென்னையில் சாட்சி உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லம் தொடங்கினார், போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகளுக்கு. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வழி செய்ததும் அவர்தான். இரண்டும் ஒரே பெண்மணியின் பிடிவாதம், இரண்டும் அடையாறுதான். ஆனால் இரண்டையும் ஒரே அமைப்பாகக் கட்டவில்லை. தனித்தனிக் கணக்கு, தனித்தனி ஆட்கள். எந்த ஒன்றுக்கும் மற்றதால் இடைஞ்சல் வராமல் இத்தனை வருடம் ஓடுகிறது.

இன்னொன்று. 1958இல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை, தரமணியில். அங்கே குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா கட்டிச் சேரும் முறையைக் கொண்டுவந்தார். ஏழை கட்டுவது சொற்பம்தான், ஆனால் கட்டுவான். கட்டினால் "ஏன் டாக்டர் வரலை" என்று கேட்கும் வாய் வந்துவிடும். உங்கள் மையத்தில் யாராவது மாதம் பத்து ரூபாய் கட்டுகிறார்களா?

---

ஐந்தொகை

தணிக்கையாளன். இருபதுக்கும் மேற்பட்ட ட்ரஸ்ட், சொசைட்டி கணக்கு பார்க்கிறேன். உணர்ச்சியை மற்றவர்கள் பேசிவிட்டார்கள், நான் காகிதத்தைப் பேசுகிறேன்.

முதலில், 14 லட்சம் உங்கள் மொத்த வரவில் எத்தனை பங்கு? பாதிக்கு மேல் போனால் நான் பயப்படுவேன். மூன்றாம் வருடம் முடிந்து அவர்கள் "இனிமேல் எங்கள் கவனம் சுற்றுச்சூழல்" என்று போய்விட்டால், சம்பளத்துக்கு இருப்பவர்களை எங்கே அனுப்புவீர்கள்? இது நடக்காத கதை இல்லை. என் அலமாரியில் அப்படி இரண்டு கோப்பு தூசி படிந்து கிடக்கிறது.

இரண்டாவது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "எங்கள் பணத்தை இளைஞர் பணிக்கு மட்டும் செலவழிக்கவேண்டும்" என்பது ஒன்று. "எங்கள் பணம் இருக்கும்வரை நீங்கள் வேறு வேலையே செய்யக்கூடாது" என்பது முற்றிலும் வேறு. முதலாவது நியாயம், தனிக் கணக்கு வைத்துக் காட்டிவிடலாம். இரண்டாவது, அவர்கள் பணத்தில் இல்லாமல் உங்கள் சொந்தப் பணத்தில் செய்யும் வேலைக்கும் பூட்டுப் போடுவது. வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். பல சமயம் வாய் கேட்டது இரண்டாவது, எழுத்தில் வருவது முதலாவது.

மூன்றாவது, உங்கள் காகிதம் சரியா? சொசைட்டிக்கு 12ஏ (வரிவிலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு), சி.எஸ்.ஆர்.-1 எண் (சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான பதிவு), இத்தகைய பணியில் மூன்று வருட அனுபவம், இவ்வளவும் இருந்தால்தான் அவர்கள் தரவே முடியும். 2021க்குப் பிறகு 12ஏ, 80ஜி இரண்டும் ஆயுளுக்கும் செல்லுபடியாகும் சமாசாரம் இல்லை, காலக்கெடு உண்டு. தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் போட்ட கையெழுத்தோடு கடமை முடிந்துவிடவில்லை. ஆண்டுப் பொதுக்குழு கூட்டி, பதிவாளருக்குத் தாக்கல் செய்யவேண்டும். நல்ல அமைப்புகள் கெட்டுப்போவது பெரும்பாலும் திருட்டால் இல்லை, தாக்கல் விட்டுப்போவதால்.

தனி நபர் நன்கொடையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வழக்கமாகச் சொல்வேன். இப்போது அதிலும் ஒரு வில்லங்கம். புது வரிமுறைக்குப் போனவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது. மார்ச் மாதம் ரசீதுக்காகவே பணம் போட்டவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் ரசீது கேட்காமலே போடுகிறவர்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் நிலைப்பார்கள். அப்புறம், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 80ஜி கிடையாது, அதையும் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்று யாராவது ஆசை காட்டினால் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு காட்டவேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் கணக்கு, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மூன்று பேர் நடத்தும் மையத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது.

---

முன்னாள்_சிஎஸ்ஆர்

ஐந்தொகை சொன்ன இரண்டாவது விஷயத்தைத்தான் பிடிக்கவேண்டும். கூடவே ஒரு உபாயம், பொய் இல்லை. "மனு எழுதுதல்" என்று எழுதாதீர்கள். "பள்ளி இடைநிற்றல் தடுப்பு: குடும்பத் தொடர்பாளர் ஒருவர்" என்று எழுதுங்கள். அந்தப் பெண் நான்கு நாள் வராததைக் கண்டுபிடித்து, ஆறு மாடி ஏறி, காரணத்தைத் தீர்த்து, ஐந்தாம் நாள் பள்ளிக்கு அனுப்பும் ஆள். அது முழுக்க முழுக்க இளைஞர் பணி. எத்தனை பிள்ளைகள் நின்றுபோகும் நிலையில் இருந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணிக் காட்டலாம். ஸ்லைடில் ஏறிவிடும்.

---

சிவப்புக்காய்

நான் இந்த மாதிரி ஒரு மையத்துல வளந்த பையன். கண்ணகி நகர், அதுவும் மறுகுடியமர்வு ஏரியாதான். இப்ப வயசு 26, டெலிவரி ஆப் ஒண்ணுல ஹப் பாக்குறேன். யாரும் எங்க பக்கம் இருந்து பேசல, அதான் வந்தேன்.

நல்லது மொதல்ல. கேரம் இல்லன்னா நான் எங்க இருந்திருப்பேன்னு தெரியாது. ஆறரை மணிக்கு ஏரியாவுல இருட்டுல நிக்கறதுக்குப் பதிலா டியூப்லைட்டு கீழ போர்டைச் சுத்தி நின்னோம். பவுடர் வாங்க நாங்களே ஆளுக்கு ரெண்டு ரூபா போட்டோம். வடசென்னைப் பொண்ணு ஒருத்தி 2024ல அமெரிக்காவுல கேரம் உலகக்கோப்பையில மூணு தங்கம் அடிச்சப்ப, எங்க வாட்ஸாப் குரூப்ல ராத்திரி பூரா தூக்கம் இல்ல. 2025ல எங்க ஏரியாப் பொண்ணே பஹ்ரைன்ல கபடி தங்கம். இன்டர்வியூல "எந்த ஏரியா"ன்னு கேட்டதும் மூஞ்சி மாறுன காலம் எங்களுக்கு உண்டு. இப்ப "ஓ, கபடி"ங்கறாங்க.

இப்ப கசப்பு. அந்த மையத்துல எல்லாமே ஒரே எடம். எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த அக்காதான் எங்கம்மா அடி வாங்கிட்டு அழுதுட்டு வந்து பேசுனப்ப கேட்டவங்க. அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் எனக்குத் தெரியும்னு தெரியும். அப்புறம் எப்படி அவங்க முன்னாடி ஒக்காந்து தேற்றம் எழுதறது? பதினஞ்சு வயசுல போறத நிறுத்திட்டேன். யாரும் தப்பா எதுவும் பண்ணல. ஆனா நான் போகல.

அப்புறம் போட்டோ. எவன் வந்தாலும் போட்டோ. நோட்டு குடுத்தா போட்டோ, பல்லு பாத்தா போட்டோ. "இளைஞர் மேம்பாடு"ன்னு ஒரு பேனர் பின்னாடி நான் நிக்கற போட்டோ இன்னும் இன்டர்நெட்ல கெடக்கு. என் ஹப்ல ஒருத்தன் தேடி எடுத்துக் காட்டுனான்.

ஆறாவது மாடி ஏறி வந்தீங்கல்ல, அது பெருசு. ஆனா அந்தப் பொண்ணு கிட்ட கேட்டீங்களா, பாட்டி விஷயத்தை இப்படி ஒரு இழையில எழுதலாமான்னு?

---

மாலைமையம்

கேட்கவில்லை தம்பி. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நேற்றுக் கேட்டேன். "பேரு போடலல்ல, அப்ப சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அல்ஜீப்ரான்னு போட்டிருக்கீங்க, எனக்கு அது வரும், ஜியாமெட்ரிதான் வராது, மாத்துங்க" என்றாள். முதல் பதிவைத் திருத்தும் வசதி முடிந்துவிட்டது. இங்கேயே திருத்திக்கொள்ளவும்.

---

வார்டுநர்ஸ்

சிவப்புக்காய் கண்ணு, நீ சொன்னது மனசில் தைக்கிறது. ஆனால் மறுபக்கமும் நான் பார்த்திருக்கிறேன். "டி.பி. சென்டர்" என்று போர்டு வைத்த இடத்துக்குள் நுழைய ஒரு பெண்பிள்ளை தெருமுனையில் அரைமணி நின்றதைப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் பேசும் வீட்டில் தெரிந்துவிடுமே என்று. அதுவே கேரம், டியூஷன் எல்லாம் நடக்கும் இடமாக இருந்தால் நேராக உள்ளே போயிருப்பாள். யார் எதற்கு வந்தார்கள் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. கலந்த இடத்தில் அப்படி ஒரு மறைவு உண்டு.

வெளியே மறைவு இருக்கிறது, உள்ளே இல்லை. உனக்கு நடந்தது அதுதான். அதற்கு வழி, ஆளைப் பிரிப்பது. கணக்கு சொல்லித்தரும் அக்கா அழுகையைக் கேட்கக்கூடாது. அழுகையைக் கேட்பவர் வேறு நாளில், வேறு அறையில், அவர் நோட்டு பூட்டிய அலமாரியில். எச்.ஐ.வி. வார்டில் நாங்கள் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். 1986இல் இந்தியாவிலேயே முதலில் கண்டுபிடித்தது இந்த ஊரில். ஆரம்பத்தில் கேஸ் ஷீட்டின்மேலேயே பெரிதாக எழுதிவைத்த நாட்கள் உண்டு. யாருக்கு என்ன என்று துடைப்பக்காரர்வரை தெரியும். அப்புறம் 2017இல் ரகசியம் காப்பதற்குச் சட்டமே வந்தது.

---

சந்தேகப்பேர்வழி

சரி, கூடப் போற விஷயம் ஒத்துக்கறேன். எங்கம்மா காப்பீட்டு அட்டைக்கு நான் ரெண்டு நாள் லீவு போட்டு அலைஞ்சேன், லீவு இல்லாதவன் என்ன செய்வான்னு அப்ப தோணல.

ஆனா ஒரு கேள்வி. சம்பளம் வாங்காத ஏழெட்டுப் பேர்னு எழுதியிருக்கீங்க. வயசுப் பிள்ளைங்க இருக்கற இடம். அவங்க யாரு, எங்கேர்ந்து வராங்க, யாரு பாக்கறா?

---

ஐந்தொகை

இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான், எங்கள் சந்தேகம் கேட்டிருக்கிறார் பாருங்கள்.

2012 போக்சோ சட்டம் (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பது), 19ஆம் பிரிவு. குழந்தைக்கு எதிராக அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டும் இல்லை, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். "மையத்தின் பேர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசி முடிப்போம்" என்பதற்கு இடமே இல்லை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம்வரை சிறை, அமைப்பின் பொறுப்பாளர் தன் கீழ் இருப்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டுவரை. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் மட்டும் கதவு சாத்திய அறையில் இருக்கக்கூடாது என்பதை எழுதிவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பிள்ளைகள் கண்ணில் படும்படி கேரம் போர்டுக்கு மேலே எழுதுங்கள், ஆபீஸ் அறையில் இல்லை.

---

புதுத்தொண்டர்

வணக்கம். பி.எஸ்சி. இரண்டாம் வருடம். ஞாயிறு மட்டும் நேரம் உண்டு. இந்த மாதிரி மையத்துக்கு வரலாமா? என் பிறந்தநாளைப் பிள்ளைகளோடு கொண்டாடலாம் என்றும் ஒரு யோசனை.

---

சிவப்புக்காய்

வா ப்ரோ. ஆனா கேக் வேணாம். எங்க மையத்துல ஒரே ஞாயித்துக்கெழம மூணு கேக் வெட்டுனோம், மூணும் வேற வேற அண்ணனுக்கு. மூணு பேருக்கும் கை தட்டுனோம். நாலாவது வாரம் மூணு பேரும் காணோம். ஆறு மாசம், ஒரே நாளு, ஒரே நேரம் வர முடியும்னா வா. முடியாதுன்னா எக்செல் தெரியுமா? அக்காக்களுக்கு வருகைப் பதிவு ஏத்திக் குடு. வீட்லேர்ந்தே பண்ணலாம்.

---

மாலைமையம்

எக்செல் ஆள் வேண்டும், உண்மையாகவே. தனிச்செய்தி அனுப்புங்கள் தம்பி. இன்னொரு வேலையும் இருக்கிறது: மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் காலையிலிருந்து ராத்திரிவரை மையத்தில் சும்மா உட்கார்ந்திருக்க இரண்டு பேர். மார்க் பேசக்கூடாது, சும்மா இருக்கவேண்டும். 14416, 104 இரண்டு உதவி எண்ணும் சுவரில் இருக்கும். சென்னையில் 1986லிருந்து தற்கொலைத் தடுப்பு வேலை செய்யும் சினேகாவின் எண்ணும் இருக்கும். ஆனால் அன்றைக்கு எந்தப் பிள்ளையும் முதலில் போனை எடுப்பதில்லை. கேரம் போர்டு பக்கம் வந்து, ஆடாமல் நிற்கும்.

---

நெறியாளர்

குடியிருப்புகளைக் காலி செய்தது சரியா தவறா என்று வந்த பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே தொடருங்கள்.

---

மாலைமையம் (மூன்று வாரம் கழித்து)

பேசி முடித்தோம். ஐந்தொகை சார் சொன்னபடி எழுத்தில் கேட்டேன். எழுத்தில் வந்தது முதலாவதுதான்: அவர்கள் பணம் இளைஞர் பணிக்கு மட்டும். வேறு வேலை செய்யக்கூடாது என்று எங்கேயும் இல்லை. குடும்பத் தொடர்பாளர் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டார்கள், பாதிதான். மீதிப் பாதியை நாங்கள் பார்க்கவேண்டும். கஞ்சித்தொட்டி சார் கேட்டதை எங்கள் அம்மாக்கள் கூட்டத்தில் சொன்னேன். மாதம் இருபது ரூபாய் என்று அவர்களே வைத்தார்கள். முதல் மாதமே ஒருவர் எழுந்து, "சனிக்கிழமை பத்து மணின்னு சொல்லிட்டு பத்தே முக்காலுக்குத் தொறக்கறீங்க" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை முகாமை நாங்கள் நடத்துவதை நிறுத்திவிட்டோம். அதில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மாதம் இருமுறை வந்து எங்கள் அறையில் உட்காருகிறேன் என்றிருக்கிறார், பதிவேடு அவருடையது. நாங்கள் நாற்காலி போட்டு, வராதவர்களைக் கூட்டிவருவோம். அழுகையைக் கேட்பவரை மாற்றிவிட்டோம். டியூஷன் எடுக்காத ஒருவர், புதன்கிழமை மட்டும், பின் அறையில். போட்டோ, பிள்ளைகள் ஒத்துக்கொண்டால் கையை மட்டும், ஸ்ட்ரைக்கர் பிடித்த கையை. கம்பெனிக்காரர் அதற்கு முகம் சுளித்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

பாட்டிக்கு ஒரு விரல் எடுத்துவிட்டார்கள். பென்ஷன் கோப்பு புதுத் தாலுகாவுக்கு வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. பேத்தி பள்ளிக்குப் போகிறாள். வார்டுநர்ஸ் அம்மா, புண் ஆறிய பிறகு வெறுங்காலில் நடக்கவே கூடாது என்கிறார்கள், சாதாரண ரப்பர் செருப்பு போதுமா?

---

வார்டுநர்ஸ்

போதாது. எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்று இருக்கும், பின்னால் வார் உண்டு. விரல் போடுகிற வகை வேண்டாம், உணர்ச்சி இல்லாத காலில் அது கழன்று விழுந்தாலும் பாட்டிக்குத் தெரியாது. அரசு ஆஸ்பத்திரி சுகர் பிரிவில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் நான் வாங்கி அனுப்புகிறேன்.

சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் அளவு எடுங்கள், அப்போதுதான் கால் வீக்கம் முழுசாகத் தெரியும். இரண்டு காலையும் தனித்தனியாக வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றிக் கோடு போடவேண்டும். பேத்தியையே போடச் சொல்லுங்கள். போட்டு எனக்கு அனுப்புங்கள்.